ஏலமலையில் நாங்கள் சொன்ன நன்றி

எங்கள் கல்லூரிக்கு அந்த வருடம்தான் சுற்றுச்சூழல் என்ற சொல் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் செடி, கொடி, மரம் என்று தனித்தனியாகப் படித்துக்கொண்டிருந்தோம். எண்பதுகளின் ஆரம்பம். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி, தாவரவியல் கடைசி வருடம். கல்விச் சுற்றுலா என்றால் கொடைக்கானல் போய்ப் படகில் ஏறி, போட்டோ எடுத்து, பேரிக்காய் வாங்கி வருவது என்று எல்லாரும் ஆசையாக இருந்தோம். எங்கள் துறை மேடம் அதைக் கெடுத்தார். "இது பிக்னிக் இல்லை. காடு எப்படி அழியுது, அதை எப்படிக் காப்பாத்துறதுன்னு நேர்ல பார்க்கப் போறோம்" என்றார். போன இடம் போடிநாயக்கனூர். அங்கிருந்து மலைமேல் ஒரு ஏலத்தோட்டம்.

காட்டை நாங்கள் காப்பாற்றவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொம்பளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு வந்தோம். அதுவும் கெட்ட எண்ணத்தோடு இல்லை, மரியாதையோடு, மைக் வைத்து.

போடி பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததுமே ஏலக்காய் மணக்கும் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். எனக்கு முதலில் மணந்தது டீசலும் மூத்திரமும்தான். ஏலக்காய் கடைவீதிக்குள் போனபிறகுதான் வந்தது. வந்தது என்றால் லேசாக இல்லை. சட்டை, தலைமுடி, குடித்த தண்ணீர் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. கடைகளின் உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெருசு ஒரு குவியல், சிறுசு ஒரு குவியல், வெடித்தது தனி. யாரும் தலை நிமிரவில்லை.

அன்றைக்கு எங்களுக்குத் தங்கல் நூர்ஜகான் வீட்டில். நூர்ஜகான் எங்கள் வகுப்புதான். அவள் அத்தாவுக்கு, அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், போடியில் மளிகைக் கடை, பக்கத்திலேயே ஏலக்காய் வியாபாரம். மலையில் இருக்கும் தோட்டக்காரர்களிடம் காய் வாங்கி வெளியூருக்கு அனுப்புவார். எங்களைத் தோட்டத்தில் தங்க வைக்க ஏற்பாடு செய்ததும் அவர்தான். அவர் வீட்டு நெய்ச்சோற்றையும் தாளிச்சாவையும் பற்றித் தனியாகவே எழுதலாம். மேடம் சைவம். எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு தயிர்சோறு சாப்பிட்டார். "நீங்க சாப்பிடுங்கம்மா, நான் பார்க்கல" என்று சொல்லிவிட்டு எங்கள் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கம். எங்கள் ஊரில் நிழல் என்றால் நின்றுகொண்டிருக்கும் பஸ்சின் நிழல்தான். மரம் என்றால் கருவேலம், அதையும் வெட்டிக் கரி சுட்டுவிடுவோம். ஒரு குடம் தண்ணீருக்கு எங்கள் அம்மா கம்மாய்க்குள் ஊற்று தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றுவாள். அதனால் மறுநாள் காலையில் மலைக்குப் போகும்போது மற்றவர்கள் பாட்டுப் பாடினார்கள், எனக்குப் பாட்டு வரவில்லை. இவ்வளவு பச்சையை ஒரே இடத்தில் பார்த்தபோது எனக்கு வந்தது பொறாமைதான்.

ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அந்த மலையில் கணக்கு கிடையாது. எங்களை ஏற்றி முடித்து, நிறைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தபோது டிரைவர் மேலும் நாலு அரிசி மூட்டையையும் ஒரு கிழவரையும் ஏற்றினார். "சார், பொம்பளப் புள்ளைங்க" என்று மேடம் ஆரம்பித்தார்.

"மூடை பொம்பளையா ஆம்பளையான்னு பார்க்காது டீச்சர். நல்லா நெருங்கி உக்காந்தாத்தான் வளைவுல விழமாட்டீங்க" என்றார் டிரைவர்.

பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து ஜீப்பு நின்றது. எல்லாரும் இறங்கி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தோம். கீழே போடி தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. மலையின் எங்கள் பக்கம் முழுக்க மொட்டை. புல்லும் பாறையும், அங்கங்கே கரிந்த அடிமரமும். விறகுக்கட்டோடு பெண்கள் ஓட்டமும் நடையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேடம் அவர்களைக் காட்டி, "பார்த்தீங்களா, இப்படித்தான் காடு அழியுது" என்றார். எல்லாரும் நோட்டில் எழுதினோம். தலைச்சுமை விறகைத்தான் எழுதினோம். லோடு லோடாகப் போகும் விறகை அதற்கப்புறம்தான் பார்த்தோம்.

போடிமெட்டில் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் கேரளா. வெளிநாடு போனது போலத்தான் இருந்தது எங்களுக்கு. போர்டில் எழுத்து உருண்டையாகிவிட்டது, டீ சாயா ஆகிவிட்டது, பனி முகத்தில் அடித்தது. பிள்ளைகள் எல்லாம் எங்கே போகிறீர்கள் என்று காவலர் ஒருவர் மலையாளத்தில் கேட்டார். காட்டைக் காப்பாற்றப் போகிறோம் என்று வசந்தா சுத்தத் தமிழில் சொன்னாள். நல்லது, குடை இருக்கிறதா என்று அவர் கேட்டார். யாரிடமும் இல்லை.

வசந்தாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வகுப்பில் நல்லவள் என்றால் அவள்தான். பேச்சுப் போட்டி என்றால் அவள், விழா என்றால் அவள். முக்கியமாக நன்றியுரை. எங்கள் கல்லூரியில் எந்த விழா நடந்தாலும் நன்றியுரை வசந்தாதான். ஒரு பேர் விட்டுப்போகாது. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், மாலை வாங்கி வந்தவர், நாற்காலி போட்டவர், தண்ணீர் கொடுத்த ஆயா வரைக்கும் சொல்லிவிடுவாள். பேர் விட்டுப்போனால் மனவருத்தம் வரும், மனிதர்களுக்கு நாம் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான் என்பாள். அதில் தப்பு சொல்ல அப்போது எனக்கும் எதுவும் தோன்றவில்லை.

தோட்டம் மெட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. முதலாளி வாசலில் நின்று வரவேற்றார். வெள்ளை வேட்டி, ஸ்வெட்டர், மெல்லிய குரல். கீழே ஒரு ஊரில் பெரிய விவசாயக் குடும்பம், மலையில் இந்தத் தோட்டம். "படிக்கிற புள்ளைங்க வர்றது எங்களுக்குப் பெருமை" என்று சொல்லிக் கையாலேயே காப்பி கொடுத்தார். அந்த மனிதர் கடைசிவரைக்கும் எங்களிடம் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

எங்களுக்குக் கொடுத்த இடம் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரின் மாடி. கீழே ஓர் அறை முழுவதும் இரும்புக் குழாய் ஓடுகிறது. வெளியே அடுப்பு. அடுப்பில் எரிகிற சூடு குழாய் வழியாகப் போய், மேலே தட்டுத்தட்டாகப் பரப்பிய பச்சைக் காயை உலர்த்துகிறது. பனிக்கு இதமாக இருந்தது, நன்றாகத் தூங்கினோம். காலையில் இறங்கி வந்து ஸ்டோருக்குப் பின்னால் பார்த்தால் விறகு. எங்கள் கல்லூரி விடுதிக் கட்டிடம் அளவுக்கு விறகு அட்டி. கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள், சந்தனவேம்பு, காட்டுப்பலா, எல்லாம் அறுத்து அடுக்கியிருந்தது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அந்த நிழலைக் கொடுத்த மரத்தையே எரித்துக் காயை உலர்த்துகிறார்கள். நான் மேடத்திடம் இதைக் கேட்டேன். "பட்டுப்போன மரம் மட்டும்தான் எடுக்கிறாங்களாம். பெர்மிட் இருக்காம்" என்றார்.

பட்டுப்போன மரத்துக்குத் தோட்டத்தில் பஞ்சமே இல்லை. மேல்சரிவுக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். ஒரு வரிசை முழுக்க இலையே இல்லாமல் நின்றது. கீழே ஏலச்செடிகள் வெயில் பட்டு வெளுத்திருந்தன. மேடம் நின்று பட்டையைத் தட்டிப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இது வேரிலிருந்து ஏறும் பூஞ்சை நோய் என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்தார். படம் போட்டுக்கொண்டோம். கூட வந்த கங்காணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "கரெக்டு டீச்சர், நோயிதான்" என்றார். பிறகு வேலை இருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார்.

நூர்ஜகான் மட்டும் ஒரு மரத்தடியில் குந்தியிருந்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"ஏய், இங்க வந்து மோந்து பாரு" என்றாள் என்னிடம்.

"என்னத்தை மோந்து பார்க்க?"

"பெருங்காயம். எங்க அத்தா கடையில பெருங்காய டப்பா மேலதான் நான் உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். இது எனக்குத் தெரியாதா?"

மரத்தின் தூரில் கட்டைவிரல் போகும் அளவுக்கு ஒரு துளை. களிமண் வைத்து அடைத்திருந்தது. நூர்ஜகான் குச்சியால் நோண்டினாள். மஞ்சளாய்ப் பிசுபிசுவென்று வந்தது. நான் தூரைச் சுற்றி அணைத்திருந்த மண்ணைத் தள்ளினேன். உள்ளே பட்டையை ஒரு சாண் உயரத்துக்கு வளையமாகச் சீவி எடுத்திருந்தார்கள். அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்த மரத்திலும். பெருங்காயம் மரத்தைக் கொல்லுமா என்று எனக்கு இன்றைக்கும் உறுதியாகத் தெரியாது. பட்டையைச் சுற்றிச் சீவினால் சாகும் என்பது முதல் வருடப் பாடம்.

பக்கத்துச் செடிகளுக்குள் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்தாள். வேலுத்தாய் என்று அவளுக்குப் பேர் வைத்துக்கொள்கிறேன். நாற்பதுக்குள் இருக்கும். தலையில் முண்டாசு, இடுப்பில் சாக்கு, வெற்றிலை வாய். தேவாரம் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், மாமியாரை வைத்துக்கொண்டு இருந்தாள். எங்களிடம் தானாகப் பேசியது அவள் ஒருத்திதான். வாய் சும்மா இருக்காது.

"என்ன தாயி, நோயி என்ன பேருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இதை யாருக்கா செஞ்சது?" என்று கேட்டேன்.

"சாம்பார் வைக்கத்தான் மரத்துக்குள்ள பெருங்காயம் வச்சிருக்காக." மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "ஏ வேலு, சும்மா கெட" என்று முழங்கையால் இடித்தாள். அவள் கேட்கவில்லை. "உசுரோட வெட்டுனா ஆபீசர் வருவாக, கேசு. தானாச் செத்துச்சுன்னா பெர்மிட்டு. ஆளுக்கு ஒரு பக்கம் செதுக்கச் சொல்லுவாரு கங்காணி. எங்க வரிசை ஆம்பளைங்கதான் செதுக்குனது. நெழல் போனா காயி போகும், காயி போனா எங்க சோலி போகும். அது அந்த மடப்பயல்களுக்கு வெளங்கலை. நீங்க படிச்ச புள்ளைங்க, மதுரைக்குப் போயி பெரிய ஆபீசுல சொல்லுங்க."

"சொல்றோம்க்கா" என்றேன். பக்கத்தில் நின்ற வசந்தாவும் சொன்னாள்.

"நீ எந்த ஊரு புள்ள?" என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். "அதான பார்த்தேன். ராம்நாட்டுக்காரியா. மரத்தைக் கண்டா மாப்பிள்ளையைப் பார்த்த மாதிரி பார்க்குறியேன்னு நெனச்சேன்."

மதியம் அந்தப் பெண்களோடுதான் சாப்பிட்டோம். மரவள்ளிக்கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாயையும் உப்பையும் வைத்து நசுக்கித் தொட்டுக்கொள்ள. கருவாடு சுட்டு வைத்திருந்தார்கள். லயத்துக்குப் பின்னால் ஊற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய் அதை மடக்கிக் கட்டப் பார்த்தேன். வேலுத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "விடு ஆத்தா, ஓடட்டும். எங்க ஓடினாலும் ஒங்க ஊருக்கு வராது."

அன்று சாயங்காலம் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னோம். மேடம் முகம் செத்துவிட்டது. பூஞ்சைக்குப் படம் போட வைத்த மனுஷி. பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "ரிப்போர்ட்ல எழுதிக்கலாம். இங்க இருக்கிறவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அந்தத் துளை, பெருங்காயம், எதுவும் பேசக் கூடாது. நாம விருந்தாளி" என்றார். சரி என்றோம். யாரும் பேசவில்லை. அதில் ஒழுங்காகத்தான் இருந்தோம்.

கடைசி நாள் சாயங்காலம் நிறைவு விழா. காட்டுக்குள் என்ன விழா என்று நீங்கள் கேட்கலாம். நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்து எதையாவது முடித்தால் நம் ஆட்களுக்கு விழா வேண்டும், தலைவர் வேண்டும், துண்டு போர்த்த வேண்டும். மாரியம்மன் கோவிலுக்கு வைத்திருந்த கூம்பு ஸ்பீக்கரை ஸ்டோர் முன்னால் கட்டினார்கள். பாட்டரியில் மைக். முதலாளி தலைமை. தொழிலாளர்களை வேலையிலிருந்து கொஞ்சம் முன்னாலேயே விட்டு, எதிரே தரையில் உட்கார வைத்திருந்தார்கள். மேடம் முதலாளிக்குத் துண்டு போர்த்தினார். முதலாளி மரம் நமக்குத் தாய் என்று பேசினார். அடுப்பில் அந்தத் தாய் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் ஒவ்வொருத்திக்கும் ஏலக்காய்ப் பொட்டலம் கொடுத்தார்.

நன்றியுரை வசந்தா. மாண்புமிகு என்று ஆரம்பித்து முதலாளி, மேடம், நூர்ஜகானின் அத்தா, ஜீப்பு டிரைவர், சமையல்காரர், கங்காணி, எல்லாரையும் சொன்னாள். தாளே இல்லை, எல்லாம் மனப்பாடம். பிறகு குரலை ஒரு படி ஏற்றினாள்.

"நிறைவாக, பட்டுப்போன மரங்களின் நிலையைப் பற்றி எங்களுக்கு விளக்கமாக எடுத்துச்சொன்ன அன்புச் சகோதரி வேலுத்தாய் அவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி."

துளை பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெருங்காயம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேடத்துக்குக் கொடுத்த வாக்கை அவள் மீறவே இல்லை. நன்றி மட்டும்தான் சொன்னாள். எல்லாரும் கைதட்டினோம். பெண்கள் பக்கத்தில் ஒரே கலகலப்பு. "ஏ வேலு, ஒம் பேரு மைக்குல வருதுடி" என்று விலாவில் இடித்தார்கள். வேலுத்தாய் முண்டாசை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். முன்வரிசையில் இருந்த கங்காணி மட்டும் திரும்பி, கூட்டத்துக்குள் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். முதலாளி கைதட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை ஜீப்பில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். தோட்டத்தில் தினமும் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி கங்காணி பேர் கூப்பிடுவார். பேர் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை. அது முடிந்து எல்லாரும் சரிவில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலுத்தாய் மட்டும் எங்கள் ஜீப்பை நோக்கி வந்தாள். கையில் துணிமூட்டை, அலுமினியப் பானை. பின்னால் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் மாமியார்.

"போடி வரைக்கும் எடம் இருக்கா தாயி?" என்றாள்.

"என்னக்கா, ஊருக்கா?"

"நேத்து மைக்குல பேரு கூப்பிட்டீங்க. இன்னைக்குக் காலையில கூப்பிடயில எம் பேரு வரலை. என்னண்ணேன்னு கேட்டேன். வெளக்கமாச் சொல்றவளுக்கு இங்க என்ன வேலை, வீட்டை ஒழிச்சுக் குடுன்னுட்டாரு."

வசந்தா அப்படியே நின்றாள். அவளுக்கு விளங்க இரண்டு நிமிடம் ஆனது. விளங்கியதும் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

நான் பங்களாவுக்குப் போனேன். எனக்கு நயமாகப் பேச வராது. வாசலில் நின்று கத்தினேன். முதலாளி பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"பாப்பா, ஆள் வைக்கிறதும் நிறுத்துறதும் கங்காணி பொறுப்பு. நான் அதுல தலையிடுறதே இல்லை."

"உங்க தோட்டம்தான? நீங்க சொன்னா கேட்கமாட்டாரா?"

"நான் சொன்னா அவருக்கு மரியாதை இருக்காதும்மா. காப்பி சாப்பிட்டீங்களா?"

அதற்குள் மேடம் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "அடுத்த வருஷம் நான் புள்ளைங்களை எங்க கூட்டிட்டுப் போறது? யாரு எடம் கொடுப்பா?" என்று காதுக்குள் கேட்டார். அழுகிற குரல்தான். அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போது கொஞ்சம் வருகிறது, அவ்வளவுதான்.

இறங்கும்போது ஜீப்பில் பாட்டு இல்லை. கோழி மட்டும் சத்தம் போட்டது. வேலுத்தாய்தான் முதலில் பேசினாள், வசந்தாவிடம்.

"நீ என்னத்துக்கு அழுகுற? நல்லாத்தான பேசுன. பள்ளிக்கூடத்துல கூட வாத்தியார் ஏ புள்ளன்னுதான் கூப்பிடுவாரு. எம் பேரு அம்புட்டுச் சத்தமா வந்து நான் கேட்டதே இல்லை."

வசந்தா இன்னும் அழுதாள்.

"ஒண்ணுதான் கொறை. மொதலாளிக்கு முன்னாடி மாண்புமிகுன்னு போட்டியே, எனக்கும் ஒண்ணு போட்டிருக்கலாம். வேலைதான் போச்சு, அந்தப் பட்டமாவது மிச்சமிருக்கும்."

மாமியார்க்காரி சிரிக்கவில்லை. "வாயி. இந்த வாயிதான் நம்மளைத் தின்னுச்சு" என்றாள். வேலுத்தாய் அதற்குப் பிறகு மெட்டு தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

போடியில் நூர்ஜகான் நேராக அத்தாவின் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கடையில் காய் பொறுக்க அவளை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். அவர் தராசை நிறுத்திவிட்டு நடந்தது முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர். எங்களைத் தன் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டவர்.

"அவர் காயைத்தான் நான் வாங்கி விக்கிறேன், நூரு. அவர் வெளிய அனுப்பின பொம்பளை எங்கடையில உக்காந்து அவரு காயையே பொறுக்கினா, அடுத்த வாரம் எனக்கு மூடை வருமா?"

"அத்தா, தப்பு எங்க மேல."

"உன் மேல தப்புங்கறதுக்காக நான் கடையைச் சாத்த முடியுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. சாப்பிடட்டும், தங்கட்டும். அது என்னால முடியும்."

அன்றும் நெய்ச்சோறுதான். நூர்ஜகான் தட்டைத் தொடவில்லை. வேலுத்தாய் நன்றாகச் சாப்பிட்டாள். "கோவத்தைச் சோத்துல காட்டாத புள்ள, சோறு என்ன பண்ணுச்சு" என்று நூர்ஜகான் தட்டிலிருந்த கறியையும் எடுத்துக்கொண்டாள்.

ரிப்போர்ட் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். மேடம் எழுதினார். மேல்சரிவு மரங்கள் காரணம் தெரியாத நோயால் வாடுகின்றன என்று எழுதினார். நானும் நூர்ஜகானும் துளையைப் பற்றித் தனியாக எழுதிக் கொடுத்தோம். இடமில்லை என்று திருப்பிக் கொடுத்தார். கல்லூரிக் கண்காட்சியில் அந்த ரிப்போர்ட்டை அட்டை போட்டு வைத்தார்கள். பெரிய ஆபீசுக்கு நாங்களே எழுதியிருக்கலாம். யார் சொன்னது என்று முதல் கேள்வி வரும் என்பது அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது. சில வருடம் கழித்து மூணாறு போகும் பஸ்சில் அந்த வழியாகப் போனேன். மேல்சரிவில் நல்ல வெளிச்சம். மரம் இருந்த இடத்தில் காப்பிச் செடி போட்டிருந்தார்கள்.

நூர்ஜகான் வீட்டில் தங்கிய அந்த ராத்திரிக்கு மறுநாள் விடிகாலை எங்களுக்கு மதுரை பஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கும். வேலுத்தாயும் அங்கே வந்தாள். மாமியாரைத் தேவாரத்துக்கு முதல் பஸ்சில் ஏற்றிவிட்டிருந்தாள். முண்டாசு கட்டி, சாக்கை மடித்துக் கையில் வைத்திருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். நாங்கள் எங்கள் பெட்டிகளோடு கொஞ்சம் தள்ளி நின்றோம்.

முதல் ஜீப்பில் கால் வைத்தாள். ஆள் ஏற்றுகிறவன் கையை நீட்டித் தடுத்தான்.

"நில்லுக்கா. நீதான அந்த மைக்குல பேசுன பொம்பளை?"

"நான் எங்கடா மைக்குல பேசுனேன்?"

"அங்க ஒரு பொம்பளை மொதலாளி முன்னாடியே மைக்கைப் புடிச்சு மரத்தைப் பத்திப் பேசுனாளாமே. வேலுத்தாயின்னு. மெட்டு பூரா அதான் பேச்சு. எதுக்கு வம்பு, எறங்கு."

இறங்கினாள். இரண்டாவது ஜீப்பில் அவள் இடம் கேட்கவே இல்லை, அங்கேயும் அவளைத் தெரிந்த தோட்டத்து ஆட்கள் யாரோ இருந்தார்கள் போலிருக்கிறது. ரோட்டைத் தாண்டிக் கடைசியில் நின்ற ஜீப்புக்குப் போனாள். அது வேறு பக்கத்துத் தோட்டத்துக்குப் போவது. அதன் கங்காணி வயசானவர், மப்ளர் சுற்றிக்கொண்டு சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"காயெடுக்கத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"எந்த ஊரு?"

"கம்பத்துக்குக் கெழக்க."

"பேரு?"

வேலுத்தாய் ரோட்டின் இந்தப் பக்கம் நின்ற எங்களைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சுவது மாதிரி இருந்தது. அந்த வாயிடமிருந்து அப்படி ஒரு பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை.

"பாண்டியம்மா" என்றாள்.

"ஏறு பாண்டியம்மா, வெரசா. பனி எறங்குது."

அவள் ஏறி, மூட்டைகளுக்கும் கால்களுக்கும் நடுவே ஓர் இடத்தில் உட்கார்ந்தாள். ஜீப்பு நகர்ந்தது. வசந்தாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு ரோட்டில் இரண்டு எட்டு ஓடி, பேர் சொல்லி வழியனுப்ப வாயைத் திறந்தாள். நான் பெட்டியைப் போட்டுவிட்டுப் போய் அவள் வாயைப் பொத்தினேன்.